தந்தையிடம் பத்து நிமிடம் பேசக் கிடைக்காத மகன்

ஆபிரகாம் லிங்கனுக்கு நான்கு மகன்கள் பிறந்தார்கள் என்பதும், அவர்களில் மூத்தவர் ஒருவரே நரைகூடி முதுமை கண்டார் என்பதும் எனக்கு நெடுநாளாகத் தெரியும். அந்த மூத்தவரைப் பற்றி அதற்கு மேல் நான் அறிந்திருந்தது ஒரே ஒரு செய்திதான்: பெற்ற தாயை நீதிமன்றத்தில் நிறுத்தி, மனநிலை பிறழ்ந்தவர் என்று தீர்ப்பு வாங்கி, காப்பகத்துக்கு அனுப்பிவைத்த மகன். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே பல ஆண்டுகள் அவர் மீது வெறுப்புக் கொண்டிருந்தேன். பிறகு என் அம்மாவின் நினைவு குழம்பத் தொடங்கியது. நள்ளிரவில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்த அவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்கான படிவத்தில், 'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான். நான் எழுதி முடிக்கும்வரை அம்மா பக்கத்து நாற்காலியில் அமர்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் ராபர்ட் டாட் லிங்கனின் வாழ்க்கையை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ராபர்ட் 1843 ஆகஸ்ட் 1 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், குளோப் டேவர்ன் என்ற தங்கும் விடுதியில் பிறந்தார். லிங்கனும் மேரி டாடும் மணந்துகொண்டு அப்போது ஓராண்டுகூட நிறைவடையவில்லை. சொந்த வீடும் இல்லை. தாய்வழிப் பாட்டனாரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். பிள்ளைக்கு மூன்று வயதானபோது, 1846இல், லிங்கன் தம் நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு எழுதிய கடிதத்தில், பையன் குட்டையாக இருக்கிறான், தெளிவாகப் பேசுகிறான், போதிய கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஐந்து வயதில் இருக்கும் கெட்டிக்காரத்தனம் அதற்குப் பிறகு வளராமல் நின்றுவிடும், சீக்கிரம் பழுத்துவிடும் ரகமோ இவன் என்று சில நேரம் பயப்படுவதாகவும் எழுதினார். அன்பும் விளையாட்டும் கலந்து எழுதிய வரிதான் அது. ஆயினும் அந்தப் பையன் வளர்ந்து, தந்தையின் காகிதங்களுக்கெல்லாம் காவலனாகி, என்றாவது ஒருநாள் அந்த வரியைப் படித்திருந்தால் எப்படி எடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

லிங்கன் அப்போது ஊர் ஊராகச் சென்று வழக்காடும் வழக்கறிஞர். இல்லினாயின் எட்டாவது நீதிமன்றச் சுற்றில் ஒவ்வொரு மாவட்டத் தலைநகராகப் போய், நீதிபதி எங்கே அமர்கிறாரோ அங்கே வழக்காடிவிட்டு, வாரக் கணக்கில் வீட்டுக்கு வராமல் இருப்பார். ஆண்டின் பல மாதங்கள் இப்படியே கழிந்தன. எஞ்சிய நாள்களை அரசியல் எடுத்துக்கொண்டது. தந்தை கொல்லப்பட்ட சில வாரங்களுக்குள், 1865 ஜூனில், வாழ்க்கை வரலாறு எழுதவிருந்த ஒருவருக்கு ராபர்ட் எழுதிய பதில் கடிதம் ஒன்று இருக்கிறது. தம் குழந்தைப் பருவத்திலும் இளமையின் தொடக்கத்திலும் தந்தை பெரும்பாலும் வீட்டில் இருந்ததே இல்லை என்றும், தாம் விவரம் அறிந்து அவரை நெருங்கக்கூடிய வயதில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வெளியூர் போய்விட்டதாகவும், அவர் ஜனாதிபதியான பிறகோ வேலை மிகுதியால் அவரோடு பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பேசுவதுகூட அரிதாகிவிட்டது என்றும் அதில் எழுதியிருக்கிறார். அக்கடிதத்தில் தந்தையைக் குறை சொல்லும் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த அறுபது ஆண்டுகளும் உலகமெல்லாம் இந்த மனிதரிடம் வந்து, உங்கள் தந்தை எப்படிப்பட்டவர் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

1859இல் பதினாறு வயதில் ராபர்ட் ஹார்வர்டுக்கு நுழைவுத் தேர்வு எழுதி, பதினாறு பாடங்களில் பதினைந்தில் தோற்றார். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஃபிலிப்ஸ் எக்ஸிடர் பள்ளியில் ஓராண்டு படித்து, 1860இல் ஹார்வர்டில் சேர்ந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் பேசிய லிங்கன், அப்படியே மகனைப் பார்க்க எக்ஸிடருக்குப் போனார். அதே ஆண்டு ஜூலையில், ராபர்ட்டின் பள்ளித் தோழன் ஜார்ஜ் லாத்தம் ஹார்வர்டில் சேர முடியாமல் போனதை மகனின் கடிதம் மூலம் அறிந்த லிங்கன், ஜனாதிபதி வேட்பாளராக இருந்த அந்த நேரத்திலும் உட்கார்ந்து அவனுக்குக் கடிதம் எழுதினார். தம் வாழ்நாளில் இதைவிடப் பெரிய வேதனையை அபூர்வமாகவே உணர்ந்ததாகவும், தோற்பதில்லை என்று உறுதியாக முடிவெடுத்துவிட்டால் தோற்கவே முடியாது என்றும் அதில் சொல்கிறார். ஒரு தகப்பனின் குரல் அந்தக் கடிதத்தில் முழுமையாகக் கேட்கிறது. லிங்கனுக்கு அன்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. மூத்த மகனுக்குக் கிடைக்காமல் போனது நேரம்தான்.

தம்பிகளுக்கு அந்த நேரம் கிடைத்தது. இரண்டாம் மகன் எடி 1850இல், நான்கு வயது நிறைவதற்குள்ளேயே இறந்துவிட்டான். அதன் பிறகு பிறந்த வில்லியும் டேடும் வெள்ளை மாளிகையில் தந்தையின் மடியிலும் தோளிலும் வளர்ந்தார்கள். அமைச்சரவைக் கூட்டத்துக்குள் ஓடிவரும் குழந்தைகளைக்கூட லிங்கன் கண்டித்ததில்லை. ராபர்ட் விடுமுறைக்கு வந்துபோகும் விருந்தாளிபோல இருந்தார். பத்திரிகைகள் அவருக்கு 'வேலிக்கட்டை இளவரசன்' என்ற பொருள்பட 'பிரின்ஸ் ஆஃப் ரெயில்ஸ்' என்று பட்டப்பெயர் சூட்டின. வேலிக்கு மரம் பிளந்த தந்தையையும், அப்போது அமெரிக்காவுக்கு வருகை தந்திருந்த வேல்ஸ் இளவரசரையும் சேர்த்துச் செய்த சொல்விளையாட்டு அது. பதவியேற்புக்காக வாஷிங்டன் செல்லும் வழியில், இண்டியானாபொலிஸ் விடுதி ஒன்றில், தந்தையின் பதவியேற்பு உரை வைத்திருந்த பையை ராபர்ட் விடுதி ஊழியரிடம் அலட்சியமாகக் கொடுத்துவிட, லிங்கன் தாமே மேசைக்குப் பின்னால் போய் மூட்டை மூட்டையாகக் கிளறித் தேடிக் கண்டெடுத்தார். பதினேழு வயதுப் பையன் செய்த பிழை. அதற்குப் பின் வாழ்நாள் முழுவதும் தந்தையின் காகிதங்களை அவர் காத்த விதத்தை நினைக்கும்போது, அந்தப் பை அவர் நினைவிலிருந்து நீங்கவே இல்லையோ என்று எனக்குத் தோன்றும்.

1862 பிப்ரவரியில் வில்லி டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தான். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த மேரி, மூன்றாமவனை அப்போது நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போருக்கு அனுப்ப ஒப்பவில்லை. ராபர்ட்டோ படையில் சேரத் துடித்தார். ஊரான் பிள்ளைகளையெல்லாம் போருக்கு அழைக்கும் ஜனாதிபதி தம் பிள்ளையைக் கல்லூரியில் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நாடு பேசியது. 1864இல் பட்டம் பெற்று வந்த மகனிடம், இனி என்ன செய்யப் போகிறாய் என்று லிங்கன் கேட்டார். நான் படையில் சேர்வதை நீங்கள் விரும்பாததால் ஹார்வர்டுக்கே திரும்பிச் சட்டம் படிக்கிறேன் என்றார் மகன். அப்படிப் படித்தால் நீ என்னைவிட அதிகம் கற்றுக்கொள்வாய், ஆனால் என் அளவுக்கு மகிழ்ச்சியாக இருக்கமாட்டாய் என்றார் தந்தை. தம் தொழில் பற்றித் தந்தை தமக்குச் சொன்ன ஒரே அறிவுரை அதுதான் என்று ராபர்ட் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

1865 ஜனவரி 19 அன்று லிங்கன் தளபதி கிராண்டுக்கு எழுதிய கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். தம்மை ஜனாதிபதியாக எண்ணாமல் வெறும் நண்பராக எண்ணிப் பதில் சொல்லுமாறு கேட்டுக்கொண்டு, தம் மகன் போர் முடிவதற்குள் அதைக் கொஞ்சம் பார்க்க விரும்புகிறான், அவனைச் சாதாரணப் படைவீரனாக அனுப்ப எனக்கு விருப்பமில்லை, நீண்ட நாள் பணியாற்றியவர்களுக்கு உரிய அதிகாரப் பதவியை அவனுக்குக் கொடுப்பதும் முறையல்ல, உங்கள் அணுக்க அலுவலர்களுடன் பெயரளவுக்கான ஒரு பதவியில், செலவை அரசு அல்லாமல் நானே ஏற்க, அவனைச் சேர்த்துக்கொள்ள இயலுமா என்று எழுதினார். ஒரு தகப்பனின் அச்சமும் பதவியில் இருப்பவரின் கூச்சமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கும் கடிதம் அது. கிராண்ட் உடனே இசைந்தார். கேப்டன் ராபர்ட் லிங்கன் சில மாதங்களே பணியாற்றினார். ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸில் எதிர்த்தரப்பான தென் மாநிலங்களின் தளபதி லீ சரணடைந்தபோது அங்கே இருந்தார்.

ஏப்ரல் 14 காலையில் ராபர்ட் வாஷிங்டன் திரும்பித் தந்தையோடு காலை உணவு உண்டார். போர்க்களத்திலிருந்து கொண்டுவந்த லீயின் படத்தைக் காட்டினார். நல்ல முகம் என்று லிங்கன் சொன்னதாக வீட்டிலிருந்தவர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். போர் முடிந்துவிட்டது, இனியாவது பேச நேரம் கிடைக்கும் என்று அந்த மேசையில் இருவருமே நினைத்திருப்பார்கள். அன்று இரவு ஃபோர்டு நாடக அரங்குக்கு வரும்படி பெற்றோர் அழைத்தபோது, களைப்பாக இருக்கிறது என்று சொல்லி ராபர்ட் மறுத்துவிட்டார். சில மணி நேரத்தில் அரங்குக்கு எதிரே இருந்த பீட்டர்சன் வீட்டின் சிறிய அறையில், அரங்கில் சுடப்பட்டு மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்த தந்தையின் கட்டிலருகே நின்றார். செனட்டர் சார்லஸ் சம்னரின் தோளில் சாய்ந்து அழுதார். மறுநாள் காலை 7:22க்கு எல்லாம் முடிந்தது. ராபர்ட்டுக்கு அப்போது வயது 21. தாய்க்கும் பன்னிரண்டு வயதுத் தம்பிக்கும் அன்று முதல் அவர்தான் பொறுப்பு.

இதற்கு ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ முன்பு, ஜெர்சி சிட்டி ரயில் நிலையத்தில் இரவு நேரத்தில் படுக்கைப் பெட்டிக்கு இடம் வாங்கக் கூட்டம் முண்டியடித்தபோது, ராபர்ட் நடைமேடைக்கும் நகரத் தொடங்கிய ரயிலுக்கும் இடையே கால் தவறிச் சரிந்தார். யாரோ ஒருவர் கோட்டின் கழுத்துப் பட்டியைப் பற்றி மேலே இழுத்துக் காப்பாற்றினார். திரும்பிப் பார்த்தால், நாடெங்கும் புகழ்பெற்ற நடிகர் எட்வின் பூத். லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தின் அண்ணன். கட்டுக்கதைபோலத் தோன்றினாலும், 1909இல் ராபர்ட்டே தம் கைப்பட இதை எழுதி உறுதி செய்திருக்கிறார்.

இனி அந்த வழக்கு. கணவர் இறந்த பிறகு மேரி லிங்கன் பிள்ளைகளுடன் சிகாகோவில் குடியேறினார். ராபர்ட் சட்டம் படித்து 1867இல் வழக்கறிஞரானார். 1868இல் அயோவாவின் செனட்டர் ஜேம்ஸ் ஹார்லனின் மகள் மேரி யூனிஸை மணந்தார். 1871இல் கடைசித் தம்பி டேடும் பதினெட்டு வயதில் இறந்தபோது, மேரிக்கு எஞ்சியது ராபர்ட் ஒருவரே. 1875 மார்ச்சில் ஃபுளோரிடாவில் தங்கியிருந்த மேரிக்கு, ஒரே மகன் சாகக் கிடக்கிறான் என்ற எண்ணம் திடீரென உறுதிப்பட்டது. எழுந்திரு, எனக்காக உயிர் பிழைத்திரு, என்னிடம் உள்ளதெல்லாம் உனக்கே என்று தந்தி அடித்துவிட்டு ரயிலேறிச் சிகாகோ வந்து சேர்ந்தார். நிலையத்தில் அவரை எதிர்கொண்ட ராபர்ட்டுக்கு எந்த நோயும் இல்லை. மகன் வீட்டுக்கு வர மறுத்து விடுதியிலேயே தங்கிய மேரி, வழியில் தம் காப்பியில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்றார். சுவருக்குள்ளிருந்து குரல்கள் கேட்பதாகச் சொன்னார். குடியிருக்க வீடே இல்லாத நிலையில் சன்னல் திரைகளாக வாங்கிக் குவித்தார். அரைகுறை உடையோடு வெளியேற முயன்றவரை மகன் தடுத்தபோது, என்னைக் கொல்லப் போகிறாய் என்று கத்தினார். ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களை உள்பாவாடையில் தைத்துக்கொண்டு நகரத்தில் தனியாகத் திரிந்தார்.

மகன் தாயின் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பிக் கண்காணித்தார் என்பது உண்மைதான். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன மருத்துவர்களில் பெரும்பாலோர் மேரியை நேரில் பரிசோதித்தவர்கள் அல்லர். 1875 மே 19 அன்று, முன்னறிவிப்பு ஏதுமின்றி அவரை விடுதியிலிருந்து அழைத்துவந்து அன்றைக்கே விசாரணையை நடத்தி முடித்தார்கள். இவையெல்லாம் நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த விசாரணை ஏன் ஊரறிய, ஜூரிகள் முன்னிலையில் நடந்தது என்பதைப் படித்தபோது என் பார்வை மாறியது. இல்லினாயில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை, கணவன் விரும்பினால் மனைவியை எந்த விசாரணையும் இல்லாமல் மனநோய் விடுதியில் அடைத்துவிடலாம். எலிசபெத் பாக்கர்ட் என்ற பெண்மணி அப்படி மூன்றாண்டு அடைபட்டு, வெளியே வந்த பிறகு விடாமல் போராடியதன் பயனாக, 1867 முதல் ஜூரி விசாரணை கட்டாயமாயிற்று. பெண்களைக் காக்க வந்த அந்தச் சட்டம்தான் மேரி லிங்கனை அத்தனை பேர் முன்னால் நிறுத்தி, அவருடைய நோயை நாளிதழ்களின் முதல் பக்கத்துக்குக் கொண்டுபோனது. ராபர்ட் சாட்சிக் கூண்டில் ஏறியபோது அழுதார். தீர்ப்புக்குப் பிறகு கையைப் பற்ற வந்த மகனிடம், என் மகனே எனக்கு இதைச் செய்வான் என்று நினைக்கவில்லையே என்ற பொருளில் தாய் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பத்திரிகைகள் பதிவு செய்தன.

பட்டேவியா ஊரில் உள்ள பெல்வியூ என்ற தனியார் காப்பகத்தில் மேரிக்குத் தனி அறைகளும், வெளியே போய்வர வண்டியும் இருந்தன. அங்கே அவர் இருந்தது நான்கு மாதத்துக்கும் குறைவு. நாட்டின் முதல் பெண் வழக்கறிஞர்களில் ஒருவராக எண்ணப்படும் மைரா பிராட்வெலின் முயற்சியால் செப்டம்பரில் வெளியே வந்து, ஸ்பிரிங்ஃபீல்டில் தம் அக்கா வீட்டில் தங்கினார். 1876 ஜூனில் இன்னொரு ஜூரி அவர் தெளிந்துவிட்டார் என்று அறிவித்தது. நான்கு நாள் கழித்து மேரி மகனுக்கு எழுதிய கடிதம் 'ராபர்ட் டி. லிங்கன்' என்று முழுப் பெயரோடு தொடங்கி, என் ஓவியங்களையும் பொருள்களையும் திருப்பி அனுப்பு என்று கட்டளையிட்டு, கொள்ளையடித்தது போதும் என்று சாடி, 'திருமதி ஏ. லிங்கன்' என்ற கையெழுத்தோடு முடிகிறது. 'மகனே', 'அம்மா' என்ற சொற்கள் நின்றிருக்க வேண்டிய இடங்கள் அவை.

ராபர்ட் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. தாய் நோயுற்றிருந்த காலத்தில் பிறருக்கு எழுதிய கடிதங்களைத் தேடிப் பெற்று அழிக்க முயன்றவர்தான் அவர். ஆயினும் தம்மைக் குற்றவாளியாக்கும் கடிதங்களையும், வழக்குக்கு முன் உறவினரிடமும் தந்தையின் நண்பர்களிடமும் கேட்ட ஆலோசனைகளையும், செலவுக் கணக்குகளையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தார். வெர்மான்டில் அவர் கட்டிய ஹில்டீன் மாளிகையில் இருந்த அந்தக் கட்டு, அவர் இறந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 1970களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. உயிரோடு இருந்த நாளில் அதைக் காட்டித் தம்மை நியாயப்படுத்திக்கொள்ள அவர் ஒருமுறைகூட முயலவில்லை. என் மேசை இழுப்பறையில் அம்மாவின் மருத்துவமனைச் சீட்டுகளும், நடுங்கும் கையால் அவர் எழுதிய ஒரு துண்டுத் தாளும் இருக்கின்றன. அவற்றை யாரிடமும் காட்டும் எண்ணம் எனக்கில்லை. எறியவும் மனம் வரவில்லை. ஹில்டீன் கட்டைப் பற்றிப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பல ஆண்டுகள் பிரான்சின் போ நகரில் தனியே வாழ்ந்த மேரி, 1880இல் உடல் நலிந்து திரும்பினார். மறு ஆண்டு ராபர்ட் தம் மூத்த மகள் மேமியை உடன் அழைத்துக்கொண்டு ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய்த் தாயைப் பார்த்தார். பேத்தியைக் கண்ட பாட்டியின் மனம் இளகியது. 1882 ஜூலையில் மேரி இறந்தபோது மகன்மீது பழைய பகை இல்லை.

அரசுப் பதவிகளை விரைவாகவே சொல்லிவிடலாம். 1881 முதல் 1885 வரை கார்ஃபீல்டு, ஆர்தர் ஆகிய இரு ஜனாதிபதிகளின் கீழ் போர்த்துறைச் செயலாளர். 1889 முதல் 1893 வரை பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதர். தம்மை யாரும் அமைச்சராகவோ தூதராகவோ விரும்பவில்லை, ஆபிரகாம் லிங்கனின் மகனையே விரும்பினார்கள் என்று அவர் சொன்னதாக ஒரு கூற்று வழங்கி வருகிறது. ஜனாதிபதி வேட்பாளராக நிற்கும்படி 1884இலும் 1888இலும் வந்த பேச்சுகளுக்கு அவர் இடமே கொடுக்கவில்லை. அந்த மாளிகைக்குள் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர் அவர். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, ராபர்ட்டும் அங்கே இருந்தார். இந்த நகரத்தில் எத்தனை துயர மணி நேரங்களைக் கழித்துவிட்டேன் என்று அன்று அவர் சொன்னார். 1901 செப்டம்பரில் பஃபலோ நகருக்குக் குடும்பத்தோடு அவர் வந்து இறங்கியபோது, அங்கே பொருட்காட்சியில் ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டிருந்தார். இந்த மூன்று நிகழ்வுகளையும் கோத்து அவரை ராசியில்லாதவர் என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். அவற்றை என்னால் படிக்க முடிவதில்லை. இருபத்தொரு வயதில் தந்தையின் சாவைப் பார்த்த ஒருவரின் துயரத்தை வேடிக்கைச் செய்தியாக்குவது எனக்குச் சகிக்கவில்லை.

லண்டனில் தூதராக இருந்தபோதுதான் அவருக்குப் பேரிழப்பு நேர்ந்தது. அவருடைய ஒரே மகனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்திருந்தார்கள். வீட்டில் ஜாக் என்று அழைத்தார்கள். தாத்தாவின் கையெழுத்தை அச்சாக அப்படியே போடப் பழகியிருந்தான் பையன். பிரெஞ்சு மொழி கற்கப் பிரான்சுக்கு அனுப்பியிருந்த இடத்தில், 1889இன் இறுதியில் அக்குளில் ஒரு கட்டி கிளம்பியது. அறுத்துச் சீழ் எடுத்தார்கள், இரத்தம் நஞ்சாயிற்று. லண்டனுக்குக் கொண்டுவந்து மருத்துவம் பார்த்தும் பயனின்றி, 1890 மார்ச் 5 அன்று பதினாறு வயதில் ஜாக் இறந்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்துவிட்ட காலத்தில் ஒரு வாரத்தில் ஆறியிருக்கக்கூடிய நோய். லிங்கன் என்ற குடும்பப் பெயர் ஆண்வழியில் தொடர்வதற்கு இருந்த கடைசிப் பிள்ளை அவன்.

ராபர்ட்டின் வாழ்க்கையில் என்னால் ஏற்க முடியாத பகுதி புல்மன் நிறுவனம். ரயில்களில் படுக்கைப் பெட்டிகளை நடத்திவந்த அந்த நிறுவனத்துக்கு வழக்கறிஞராக இருந்த அவர், 1897இல் ஜார்ஜ் புல்மன் இறந்ததும் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1911 வரை தலைவராகவும் அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல் வாரியத் தலைவராகவும் இருந்தார். பெட்டிகளில் பயணிகளுக்குப் படுக்கை விரித்து, காலணிக்குப் பாலிஷ் போட்டு, இரவெல்லாம் கண்விழித்திருந்த போர்ட்டர்கள் ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர். தொடக்கத்தில் அவர்களில் பலர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். மாதத்துக்கு ஏறத்தாழ 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் வேலை. பாலிஷைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். அவர்களுக்கென்று பெயர் உண்டு என்பதையே மறந்து, முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்று பயணிகள் அழைத்தார்கள். ஆண்டையின் பெயரால் அடிமையை அழைத்த பழைய வழக்கத்தின் மிச்சம் அது. 1915இல் தொழிலுறவு ஆணையத்தின் முன் ராபர்ட் சாட்சியளிக்க நேர்ந்தபோது, போர்ட்டரின் மாதச் சம்பளம் 27.50 டாலர், மீதிக்குப் பயணிகளின் டிப்ஸை நம்ப வேண்டும் என்ற நிலை ஊரறிய வெளிப்பட்டது. அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரின் மகன், அந்த நிலையை மாற்றும் அதிகாரம் தம் கையில் இருந்தும் மாற்றவில்லை. அவருடைய துயரங்கள் எதுவும் இதற்குச் சமாதானமாகா. போர்ட்டர்கள் 1925இல் தாங்களே சங்கம் கண்டு, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் நிறுவனத்தைக் கையெழுத்திட வைத்தார்கள்.

தந்தைக்குச் செய்ய வேண்டியவை என்று அவர் எண்ணியவற்றில் மட்டும் ஒருபோதும் தளரவில்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் வீட்டை 1887இல் மாநிலத்துக்குக் கொடுத்தபோது, நன்றாகப் பராமரிக்க வேண்டும், பார்க்க வருபவரிடம் ஒருநாளும் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். 1876இல் திருடர்கள் லிங்கனின் உடலைக் கடத்திப் பணம் கேட்கத் திட்டமிட்டுக் கல்லறையை உடைத்ததை மறவாமல், 1901இல் சவப்பெட்டியைத் தரைக்குக் கீழே பத்தடி ஆழத்தில் இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் கான்கிரீட் ஊற்றி மூடச் செய்தார். தந்தையின் காகிதங்களை வீடு மாறும்போதெல்லாம் உடன் கொண்டு சென்றார்; கடைசியில் நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்து, தாம் இறந்து 21 ஆண்டு கழியும்வரை பிரிக்கக் கூடாது என்றார். அவற்றில் பலவற்றை அவர் எரித்துவிட்டார் என்று ஒரு கதை உலவியது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. 1947 ஜூலை 26 நள்ளிரவு கடந்ததும் பெட்டகங்களைத் திறந்தார்கள். பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட தாள்கள். மறைக்க வேண்டிய இரகசியம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

முதுமையில் அவர் ஹில்டீனில் தொலைநோக்கியும் கோல்ஃபுமாக வாழ்ந்தார். 1922 மே 30 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவகத் திறப்பு விழாவுக்கு எழுபத்தெட்டு வயதில் வந்து அமர்ந்திருந்தார். 1926 ஜூலை 26 அன்று, எண்பத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு ஆறு நாள் முன்பு, உறக்கத்தில் உயிர் பிரிந்தது. மகள்கள் மேமி, ஜெஸ்ஸி இருவர் வழியாக அவருக்கு மூன்று பேரப்பிள்ளைகள். மூவருக்கும் வாரிசு இல்லை. கடைசிப் பேரன் ராபர்ட் டாட் லிங்கன் பெக்வித் 1985 டிசம்பர் 24 அன்று இறந்ததோடு ஆபிரகாம் லிங்கனின் நேர் வாரிசுகள் இல்லாமற் போனார்கள்.

ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லறையில் பெற்றோருடனும் மூன்று தம்பிகளுடனும் அடக்கமாகவே ராபர்ட் எண்ணியிருந்தார். அவர் மனைவி மேரி ஹார்லன் அதை மாற்றினார். தம் கணவர் தமக்கென்று ஒரு வாழ்க்கையை வாழ்ந்தவர், அவருக்குத் தனி இடம் வேண்டும் என்று சொல்லி, ஆர்லிங்டனில் ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்தார். பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் தந்தையின் நினைவகம் நிற்கிறது. 1930இல் ஜாக்கின் உடலை ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து எடுத்துவந்து அவனுடைய தந்தையின் பக்கத்தில் வைக்கச் செய்தார். 1937இல் அவரும் அங்கேயே வந்து சேர்ந்தார்.